ஒத்திகை லைனில் நிஜம் பேசக்கூடாது

"உன் இஷ்டம்" என்று ஒரு கணவன் சொன்னால் அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம். இது எந்த அகராதியிலும் இல்லை. ஆனால் கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போனால் வரும் ஊரில், அவளுடைய அக்கா குடியிருக்கும் ஊரில், ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பேற்க அவளைக் கூப்பிட்டார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதி லிஃப்டுகள் என் கையை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன. அவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கூடப் போக முடியாது. ஆகவே அவள் அங்கே, நான் இங்கே, மாதம் இரண்டு முறை பார்த்துக்கொள்வது என்று ஆகும். "என்னங்க பண்ணட்டும்?" என்று கேட்டாள். நான் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டே "உன் இஷ்டம்" என்றேன்.

"இதுக்கு வேண்டாம்னு நேராவே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இடத்தையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குக் கிளம்பியபோது பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு சொன்னாள். "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவங்களுக்கு பதில் சொல்லணும். அதுக்குள்ள நீங்க போன் பண்ணி வாயைத் திறந்து 'சேரு'ன்னு சொன்னா சேருவேன். போன் வரலைன்னா முடியாதுன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ல வந்துடுவேன். அப்புறம் இதைப் பத்தி ஆயுசுக்கும் பேச மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொன்றது. அவள் திட்டினால் தாங்கலாம். பேசாமல் இருந்தால் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம்கூடக் குற்றப்பத்திரிகை வாசிப்பது மாதிரி இருக்கும்.

மூன்று நாட்கள் லிஃப்ட் கூண்டுகளின் தலைமேல் உட்கார்ந்து யோசித்தேன். தொழில்முறையில் நான் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிறவன். "பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லிவிட்டு நிதானமாக டீயைக் குடித்து முடிப்பேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. இந்த முறை கதவுக்குள் நிற்பது அவள். வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பது நான். வியாழக்கிழமை காலையில் 'சேரு' என்று சொல்லிவிட முடிவு செய்து, அதற்கு முன்னுரையாகத் தியாகம் பற்றி ஓர் உரையும் தயாரித்து, போனை எடுத்தேன்.

டவர் இல்லை.

மாடிக்குப் போனேன், இல்லை. தெருமுனைக்குப் போனேன். அங்கே ஊரே கையை உயர்த்திக்கொண்டு நின்றது. கைபேசி, இணையம் எல்லாம் ஒரே கேபிளில் தொங்கினவாம். அந்தக் கேபிளை எங்கோ ஒரு பொக்லைன் ஒரே கடியில் துண்டித்துவிட்டதாம். லேண்ட்லைனையோ எல்லோரும் எப்போதோ பழைய சாமானோடு போட்டுவிட்டோம். பஸ் பிடித்து ஓடினாலும் அஞ்சு மணிக்கு நான் பாதி வழியில்தான் இருப்பேன்.

அப்போதுதான் ஃப்ரிட்ஜ் கதவில் என் மனைவி ஒட்டிவைத்திருந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. 'மாற்று அழைப்பு வாரியம். கைபேசி நின்றாலும் உங்கள் குரல் நிற்காது! அவசர அழைப்புக்கு ஐந்து மாற்று வழிகள். எதிர்முனையில் இருப்பவரை எங்கள் ஊழியர் வீட்டுக்கே சென்று அழைத்து வருவார்.' அவள் அதை ஒட்டியபோது நான் சிரித்தேன். அவள் இன்னொன்றை மடித்துத் தன் கைப்பையிலும் வைத்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தேன். சிரித்த வாயோடு இப்போது வாரியத்துக்கு ஓடினேன்.

வாரியத்தின் கட்டடம் புத்தம் புதிது. வரவேற்பு மேசையில் ஒரு பெண், மேசைமேல் கைபேசியைப் படுக்கவைத்து, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரமா ஒரு போன் பண்ணணும்மா. டவர் இல்ல."

"டவர் இல்லைன்னு யார் சார் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. இல்ல. உங்க போனையே பாருங்களேன்."

அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்கும் இல்லதான் சார். ஆனா அது தனிப்பட்ட முறைல. வாரியத்தைப் பொறுத்தவரை சேவை இன்னும் நிக்கலை. நின்னுடுச்சுன்னு தலைமையகம் அறிவிக்கணும். அறிவிச்ச பிறகுதான் மாற்று வழியைத் திறக்க முடியும்."

"எப்படிம்மா அறிவிப்பாங்க?"

"இயக்குநர் சாருக்கு போன் பண்ணுவாங்க."

"எந்த போன்ல?"

"கைபேசிலதான்."

இருவரும் மேசைமேல் கிடந்த அவள் கைபேசியையே பார்த்தோம். ஒரு லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவில் நிற்கும்போது உள்ளே நிலவும் அமைதி அது.

"கைபேசி நின்னுடுச்சுன்னா கைபேசில எப்படிம்மா..."

"அதை யோசிக்காம இருப்போமா சார்?" என்றாள் கொஞ்சம் மனத்தாங்கலுடன். "சார்கிட்ட ரெண்டு சிம் இருக்கு."

இதைப் பெரியவரிடமே பேசிக்கொள்ளலாம் என்று இயக்குநரைப் பார்க்கக் கேட்டேன். அவர் அறை மூன்றாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று பலகை தொங்கியது. பலகையிலேயே ஒட்டடை படிந்திருந்தது. எங்கள் கம்பெனி லிஃப்ட்தான். "புகார் கொடுக்கலியா?" என்று கேட்டேன். "கொடுக்கணும். யார் போன் பண்றதுன்னு இன்னும் முடிவாகலை" என்றாள்.

மூச்சு வாங்க மேலே போனால் இயக்குநர் வாசலுக்கே வந்து வரவேற்றார். பொதுமக்களில் ஒருவரை அவர் நேரில் பார்த்து நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள், "வாங்க, முதல்ல கண்காட்சியைப் பார்த்துடுவோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய கூடம். முதலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெல்வெட் துணிமேல் ஒரு செயற்கைக்கோள் போன், பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு.

"உலகத்துல எந்த மூலைலேருந்தும் பேசலாம்" என்றார்.

"இந்த மூலைலேருந்தும் பேசலாமா சார்?"

"இங்கேருந்து முடியாது. அதுக்கு மேல வானம் தெரியணும்."

"அப்போ மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போலாமே!"

அவர் முகம் மாறியது. "ஒருத்தர் எடுத்துட்டுப் போனார். கீறல் விழுந்துடுச்சு. அவர் மேல விசாரணை இன்னும் நடக்குது."

அடுத்தது வயர்லெஸ் கருவி. அதன் முன் ஓர் ஊழியர் காதில் ஹெட்போனுடன் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கும் உரிமம் மட்டும்தான் உண்டாம். பேசும் உரிமம் பெற்றவர் நீண்ட விடுப்பில் இருக்கிறாராம். "உலகமே பேசுறதைக் கேக்கறேன் சார். பதில்தான் சொல்ல முடியல" என்றார் அவர். இருபது வருடத் தாம்பத்திய அனுபவத்தில் எனக்கு அவர்மேல் உடனே பாசம் வந்தது.

மூன்றாவது, ஊதுகுழல் வடிவ ஒலிபெருக்கி. காற்று நம் பக்கம் அடித்தால் இரண்டு தெரு வரை கேட்கும். நான்காவது, அவசர வாகனம். அது வாகனத்தின் புகைப்படம். ஐந்தாவது, ஒரு சிவப்பு லேண்ட்லைன் போன்.

"இது?"

"இது எல்லா ஊர் வாரிய அலுவலகத்துக்கும் நேரடி லைன். பூமிக்கு அடியில தனிக் கம்பி. எந்தப் பொக்லைனும் தொட முடியாது. எடுத்தா பளிச்சுன்னு பேசும்."

என் நெஞ்சு ஒரு தளம் ஏறி இறங்கியது. "சார், என் மனைவி இருக்கற ஊர்லயும் உங்க அலுவலகம் இருக்குமே! ஒரே ஒரு வார்த்தை. யாராவது அவங்க அக்கா வீட்டுல போய்ச் சொன்னா போதும்."

"முடியாதுங்க. இது ஒத்திகை லைன்."

"இருக்கட்டும் சார்."

"ஒத்திகை லைன்ல நிஜம் பேசக்கூடாது." மிகவும் கனிவாகச் சொன்னார். குழந்தையிடம் நெருப்பைத் தொடாதே என்று சொல்கிற கனிவு.

"அப்போ சேவை நின்னுடுச்சான்னு இதுல தலைமையகத்தை ஒரு வார்த்தை கேளுங்களேன். அவங்க அறிவிச்சா..."

"நின்னுடுச்சான்னு கேக்கறதும் நிஜம்தானே?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மதியம் சாய்ந்திருந்தது. அவரும் பார்த்தார். ஆனால் அவருக்கு அது பேசத் தோதான நேரமாகத் தெரிந்திருக்கிறது. கண்காட்சி மேசையின் பின்னால் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே இருந்த என் ஒருவனைக் கூட்டமாகப் பாவித்து உரையாற்றத் தொடங்கினார்.

"கைபேசி நின்னா மக்கள் என்ன செய்வாங்க? இந்தக் கேள்வியை இந்த நாட்டுல முதல்ல கேட்டது நம்ம வாரியம். இன்னைக்கும் கேட்டுக்கிட்டிருக்கோம். நாளைக்கும் கேப்போம். சில பேர் பதில் எங்கேங்கறாங்க. பதில் கிடைச்சிட்டா அப்புறம் வாரியம் எதுக்குங்க? இத்தனை வருஷத்துல ஒரு ஒத்திகைகூடத் தோத்ததில்லை. ஏன்? ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்னாடி ரெண்டு ஒத்திகை பாக்கறோம். சேவை நிஜமா நிக்கறதால வர்ற குழப்பமோ, பதற்றமோ, பொதுமக்கள் தொந்தரவோ எங்க பணியைப் பாதிக்க நாங்க அனுமதிச்சதே இல்லை. நல்லா ஓடிக்கிட்டிருக்கற ஒரு திட்டத்தை, கேபிள் அறுந்துபோச்சுங்கற ஒரு சின்ன விஷயத்துக்காகக் கெடுத்துக்க முடியுமா?"

நான் கை தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் நிறுத்திய விதம் அப்படி.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படி இறங்கினேன். வரவேற்பு மேசைப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒரு விஷயம். இது ஒத்திகை வாரம். நாலு மணிக்கு வெள்ள ஒத்திகை இருக்கு. வழக்கமா வெள்ளம் அண்ணன்தான் பேசுவார். இன்னைக்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஆள் தேடிக்கிட்டிருக்காங்க."

"அதனால?"

"நிஜமா பேசணும்னா விட மாட்டாங்க. நடிக்கறேன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க. அந்தப் பக்கம் எந்த ஊர் தெரியுமா?" என் மனைவியின் அக்கா ஊரைச் சொன்னாள்.

அந்தக் கணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தனி லிஃப்டே கட்டிக் கொடுத்திருப்பேன். எதிர்முனையில் எவரோ ஒரு மனிதர் இருப்பார். எழுதிக் கொடுத்த வசனத்தின் நடுவில் அவர் காதில் என் சேதியைச் செருகிவிட்டால் போதும். மீண்டும் மூன்று மாடி ஏறினேன்.

வெள்ளம் அண்ணன் என்பவர் ஒல்லியான ஆள். ஒன்பது வருடங்களாக வாரியத்தின் எல்லா ஒத்திகைகளிலும் வெள்ளத்தில் சிக்கியவராக நடித்து, அந்தப் பெயரையே பெற்றவர். கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, காற்றுக் குரலில் எனக்குப் பாடம் எடுத்தார்.

"முதல்ல பாதத்துலேருந்து ஆரம்பிக்கணும் தம்பி. தண்ணி சில்லுனு இருக்கு. அது மேல ஏறுது. குரல்ல அது தெரியணும்."

வசனம் ஓர் அட்டையில் இருந்தது. அழைப்பவர்: 'வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. நான் மாடியில் இருக்கிறேன்.' எதிர்முனையில் மனைவி வேடத்தில் இருப்பவர்: 'பதறாதீர்கள். நான் பத்திரமாக இருக்கிறேன்.' அழைப்பவர்: 'இருவரையும் இணைத்த மாற்று அழைப்பு வாரியத்துக்கு நன்றி.' எதிர்முனை: 'நன்றி.' அவ்வளவுதான்.

இயக்குநர் கையைத் தட்டி எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டார். "கவனிங்க! ஒத்திகைல ஒரு யதார்த்தம் வேணும். கைபேசி சேவை நின்னுடுச்சுன்னு எல்லாரும் கற்பனை பண்ணிக்கோங்க. போனை எடுத்துப் பாருங்க. டவர் இல்ல. அதிர்ச்சி அடையுங்க!"

ஊழியர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். டவர் இல்லை. சுமாராக அதிர்ச்சி அடைந்தார்கள்.

"நீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். "முகத்துல ஒண்ணுமே இல்லையே! போன் வேலை செய்யல. மனைவி தூரத்துல இருக்காங்க. அவங்ககிட்ட பேசியே ஆகணும். இந்தத் தவிப்பை மனசுல கொண்டு வாங்க."

"சார், எனக்கு நிஜமாவே..."

"நிஜத்தை விடுங்க. தவிப்பைக் காட்டுங்க."

காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். "நம்பற மாதிரி இல்ல. வெள்ளம், ஒரு தடவை செஞ்சு காட்டுய்யா."

வெள்ளம் அண்ணன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு என் போனை வாங்கி, அதன் செத்த திரையைப் பார்த்தார். மெதுவாக அவர் உதடு துடித்தது. கண் நிறைந்தது. கை நடுங்கியது. வரவேற்பு மேசைப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் தவிப்பை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகத் தவித்தார் மனிதர். எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது.

"பாத்தீங்களா? இதுதான் மனைவியைப் பிரிஞ்ச மனுஷன்" என்றார் இயக்குநர். "நீங்க ஏதோ கரண்ட் பில் கட்ட வந்தவர் மாதிரி நிக்கறீங்க."

திரும்பத் திரும்பத் தவித்தேன். நாலு மணிக்கு நடக்கவேண்டிய ஒத்திகை, என் தவிப்பு தேறாததால் தள்ளிப் போனது. கடிகார முள் நாலரையைத் தாண்டி நகர்ந்தபோது என்னையறியாமல் ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. மோட்டார் அறையில் பெல்ட் அறுந்தால் வரும் சத்தம்.

"ஆங்! இது, இது! இதை அப்படியே பிடிச்சுக்கங்க!" என்று கத்தி, சிவப்புப் போனை எடுத்து என் காதில் வைத்தார் இயக்குநர். இன்னொரு கை இணைப்புப் பெட்டியின் பொத்தான்மேல் இருந்தது. "வசனத்தை விட்டு விலகினா கட் பண்ணிடுவேன். அது விதி."

மணி அடித்தது. மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது" என்றேன். "நான் மாடியில் இருக்கிறேன்."

மறுமுனையில் மூக்கால் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். இருபது வருடமாக, பேசுவதற்கு முன்னால் விடப்படும் மூச்சு. அதைக் கேட்டதும் நான் என்ன தப்பு செய்தேன் என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிடுவது வழக்கம். அன்றும் தேடினேன். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

"பதறாதீர்கள்" என்றாள் என் மனைவி. குரல் ஒரு நொடி தடுமாறியது. "நான் பத்திரமாக இருக்கிறேன்."

பிறகுதான் எல்லாம் தெரிந்துகொண்டேன். அங்கேயும் டவர் இல்லை. கைப்பையில் இருந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு, எனக்குப் போன் பண்ண அவளும் அந்த ஊர் வாரியத்துக்குப் போயிருக்கிறாள். அங்கேயும் ஒருத்தர் கண்காட்சியைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அங்கேயும் யாரோ ஒரு நல்ல ஆத்மா, "நிஜமா முடியாதும்மா, நடிக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறது. ஆக, என் மனைவி என் மனைவியாக நடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் குரல் தெரிந்தது, இயக்குநரின் விரல் பொத்தான்மேல் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்து நான் நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்துவிடும்.

"வெள்ளம்... ரொம்ப ஏறிடுச்சு" என்றேன்.

இயக்குநரின் புருவம் உயர்ந்தது. ஆனால் என் குரலில் இருந்த நடுக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. விரல் அழுத்தவில்லை. "நல்லா வருது, நல்லா வருது" என்று வாயசைத்தார்.

"எவ்வளவு ஏறிடுச்சு?" என்றாள் அவள்.

"கழுத்து வரைக்கும். ஆனா நான் தனியா சமாளிச்சுப்பேன். நீ இந்தப் பக்கம் வந்துடாத. அங்கேயே இரு."

"எப்படிச் சமாளிப்பீங்க?"

"முட்டை வேகவெக்கத் தெரியும் எனக்கு."

"தெரியாது. போன தடவை வெடிச்சுது."

"முட்டை எங்கேருந்து வந்தது?" என்று இயக்குநர் சீறினார். விரல் பொத்தானை நோக்கி இறங்கியது. வெள்ளம் அண்ணன் அவர் காதருகில் குனிந்து, காற்றுக் குரலில், "நிவாரணப் பொருள் சார்" என்றார். விரல் நின்றது.

தியாகம் பற்றிய என் உரை முழுக்கத் தொண்டையில் வந்து நின்றது. முன்னுரை, மூன்று உதாரணங்கள், நடுவில் ஒரு பெருமூச்சு என்று அருமையான உரை. அதற்கு நேரமில்லை. நல்லவேளை.

"இதுவும் என் இஷ்டம்னுதான் சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள் அவள். குரல் மெலிந்திருந்தது.

"உன் இஷ்டம் இல்ல! என் இஷ்டம்! இது என் இஷ்டம்! நீ போய்ச் சே..."

கட்.

இயக்குநர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். "வெள்ளத்துல மாட்டினவனுக்கு என்னய்யா இஷ்டம்?" என்றார் ஊழியர்களைப் பார்த்து. "அதோட, வாரியத்துக்கு நன்றி சொல்லவே இல்லையே! ஒத்திகை நிறைவடையலை. இத்தனை வருஷத்துல முதல் தடவை! நன்றி சொல்லாம யாரும் வெளில போகக்கூடாது. மறுபடி ஆரம்பத்துலேருந்து."

மறுபடி இணைப்புப் போட்டார்கள். மறுமுனையில் எடுத்தவர் ஓர் ஆண். "மனைவி வேடத்துல இருந்தவங்க ஓடிட்டாங்க சார்" என்றார். "பையைக்கூட எடுக்காம, போனை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிட்டாங்க."

எங்கே ஓடினாள்? பரிசோதனைக்கூடத்துக்கா, பஸ்ஸுக்கா? 'சே' வரை கேட்டிருக்குமா? அல்லது 'என் இஷ்டம்' என்பதைக் கேட்டு, கோபித்துக்கொண்டு ஓடினாளா? பாதி வார்த்தையில் விடுவது என் பழக்கம்தான். அன்றைக்கு மட்டும் அது என் குற்றம் இல்லை.

என்னைச் சுற்றி நின்று நன்றியை ஒத்திகை பார்த்தார்கள். "நன்றியில உயிர் இல்ல" என்றார் இயக்குநர். "அடிவயித்துலேருந்து வரணும்." அடிவயிற்றிலிருந்து வந்ததெல்லாம் வேறு வார்த்தைகள். அவற்றை விழுங்கிவிட்டு நன்றி, நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தில் மணி ஐந்தானது. பிறகு ஐந்தைத் தாண்டியது. சின்ன முள்ளுக்கோ பெரிய முள்ளுக்கோ கொஞ்சமும் கூச்சம் இல்லை.

திடீரென்று இயக்குநரின் சட்டைப்பை பாடியது.

எல்லோரும் உறைந்து நின்றோம். அவர் போனை எடுத்தார். நிமிர்ந்து நின்றார். "சொல்லுங்க சார்... ஆமா சார்... அப்படியா சார்... உடனே சார்." வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கம்பீரம்.

"நண்பர்களே. தலைமையகத்துலேருந்து போன். காலைலேருந்து முயற்சி பண்ணிக்கிட்டிருந்தாங்களாம், இப்பதான் லைன் கிடைச்சுதாம். கைபேசி சேவை நின்றுவிட்டது."

யாரோ ஓடிப்போய் அபாயச் சங்கை முடுக்கினார்கள். வரவேற்பு மேசைப் பெண்ணின் போன் அடித்தது. வயர்லெஸ்காரரின் போன் அடித்தது. கூடம் முழுக்க விதவிதமான பாட்டுகள்.

"யாரும் எடுக்காதீங்க!" என்று ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார் இயக்குநர். "சேவை நின்னுடுச்சு! எல்லாரும் போனை மேசை மேல வைங்க! இனிமே மாற்று வழி மட்டும்தான்!"

அப்போது என் போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

"சார், என் மனைவி."

"இருக்க முடியாது" என்றார் ஒலிபெருக்கியில், ஓரடி தூரத்திலிருந்து. "சேவை கிடையாது. அது யாருடைய அழைப்பா இருந்தாலும் அதிகாரபூர்வமா வரலை. வைங்க கீழே!"

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். அவர் என்னை நோக்கி வந்தார். அப்போது வெள்ளம் அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, தரையில் மெதுவாக உட்கார்ந்து, கைகளை நீந்துவதுபோல் வீசி, தொண்டை கட்டியதையெல்லாம் மறந்து, "ஐயோ! தண்ணி! தண்ணி ஏறுதே!" என்று அலறினார். ஒன்பது வருட அனுபவம். இயக்குநரால் தாண்டிப் போக முடியவில்லை. அவர் கண்ணே கலங்கிவிட்டது. எனக்கு மட்டும், மஃப்ளருக்கு அடியிலிருந்து, கதவைக் கண்ணால் காட்டினார் அண்ணன்.

மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருப் படியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தேன். மூக்கால் ஒரு மூச்சு.

"வெள்ளம் வடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"எவ்வளவு இருக்கு?"

"கண்ணு வரைக்கும்" என்றேன். பிறகு அவசரமாக, "நீ எங்க இருக்க? பஸ்லயா?"

"பஸ்ல எதுக்கு இருக்கணும்? பரிசோதனைக்கூடத்து வாசல்ல இருக்கேன். கதவைச் சாத்தறதுக்குள்ள போய்ச் சொல்லிட்டேன். திங்கள்கிழமைலேருந்து சேரணும்."

"நான் முழுசாவே சொல்லலியே. பாதில கட் பண்ணிட்டாங்க."

"நீங்க எதைத்தான் முழுசா சொல்லியிருக்கீங்க? பாதி சொன்னதே இந்த இருபது வருஷத்துல இதுதான் முதல் தடவை." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. சங்கு ஊதிக்கொண்டிருந்தது. "சனிக்கிழமை வந்து பெட்டி கட்டிக்கறேன். அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் போகாதீங்க. முட்டை எப்படி வேகவெக்கறதுன்னு நான் வந்து காட்டறேன்."

மேலே, மூன்றாவது மாடி ஜன்னலில் இயக்குநரின் தலையும் ஒலிபெருக்கியும் தெரிந்தன. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. இரண்டு தெருவுக்கும் கேட்டது.

"கீழ உட்கார்ந்திருக்கறவரே! நீங்க இன்னும் நன்றி சொல்லலை!"

"நன்றி" என்றேன் போனில்.

"எனக்கு எதுக்குங்க நன்றி?"

"ஒத்திகைல பாக்கி இருந்துது."